வெங்கரின் கோப்பையில்லாத வருடங்கள்

லண்டன் கால்பந்து கிளப் ஆர்சனலின் முன்னாள் மேனேஜர் ஆர்சென் வெங்கரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஆர்சனல் ரசிகர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சிதான். காசே செலவழிக்காமல் தொடர்ந்து இருபது சீசன் அணியை இங்கிலாந்து பிரீமியர் லீகில் முதல் நான்கு இடத்துக்குள் வைத்திருந்தார் என்பது ஒரு கட்சி. காசு கையில் இருந்தும் செலவழிக்க மனசு வராமல் அணியைத் தேய்த்துவிட்டார் என்பது இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேரும் ஆதாரமாக எடுத்துப்போடுவது ஒரே எண்ணைத்தான். வீரர்களை வாங்கிய தொகையிலிருந்து விற்ற தொகையைக் கழித்தால் வருகிற 'நெட் ஸ்பெண்ட்'. ஒரே எண் ஒருவருக்குச் சாதனையாகவும் இன்னொருவருக்குக் குற்றப்பத்திரிகையாகவும் தெரிகிறது என்றால், அந்த எண்ணுக்குத் தனியாகப் பேசத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2006-07 முதல் 2012-13 வரை, ஒரு கோப்பைகூட கிடைக்காத அந்த ஏழு சீசன்கள்தான் வெங்கர் செய்ததிலேயே பெரிய வேலை. 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காத 2003-04 சீசனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதே அளவுகோலை 2015-16க்கு வைத்தால் அவர் தேறமாட்டார். இதையும் சொல்லாமல் விட முடியாது.

வீரர்களை வாங்கி விற்கும் சந்தையில் வெங்கருக்கு இருந்த கண்ணை யாரும் மறுப்பதில்லை. நிக்கோலா அனெல்காவை 1997ல் பாரிஸிலிருந்து 5 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார். 1999ல் ரியல் மாட்ரிட் 2.2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்தில் ஏறக்குறைய பாதி தியரி ஆன்ரியை வாங்கப் போனது. மீதி லண்டன் கோல்னியில் புதுப் பயிற்சி மைதானம் கட்ட உதவியது. ஒரு இளைஞனை விற்று, கிளப் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவரையும் இன்று வரை அணி பயிற்சி செய்கிற இடத்தையும் சம்பாதித்த கதை இது. ஆனால் அது நல்ல காலம். நெருக்கடி வந்தபோது என்ன செய்தார் என்பதில்தான் என் அக்கறை.

2006 ஜூலையில் ஆர்சனல், 38,000 பேர் உட்காரும் ஹைபரியை விட்டு 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸுக்கு மாறியது. செலவு சுமார் 39 கோடி பவுண்ட். பெரும்பகுதி கடன். லீகில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் கிடைக்கும் ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்கு ஐந்து வருடத்தில் மூன்று முறையாவது போக வேண்டும், மைதானத்துக்குச் சராசரியாக 54,000 பேர் வர வேண்டும், அப்போதுதான் கடனைக் கட்ட முடியும் என்பது கணக்கு என்று வெங்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் ஐந்து வருடம் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கிகள் எதிர்பார்த்ததாகவும் சொன்னார். ஒரு மேனேஜரை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது என்றால் அவர் வேலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். மைதானம் கட்டப் பணம் முன்கூட்டியே வேண்டும் என்பதால் சட்டை விளம்பரம், மைதானத்தின் பெயர் எல்லாவற்றையும் நீண்ட கால ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டார்கள். மற்ற கிளப்புகளின் விளம்பர வருமானம் ஏறிக்கொண்டே போனபோது ஆர்சனலுடையது அப்படியே நின்றது. ஒரு பக்கம் 2003லிருந்து ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச்சின் பணத்தோடு செல்சி. இன்னொரு பக்கம் 2008லிருந்து அபுதாபிப் பணத்தோடு மான்செஸ்டர் சிட்டி.

இந்தச் சூழ்நிலையில் அந்த ஏழு சீசனில் ஆர்சனல் முடித்த இடங்கள் இவை: 4, 3, 4, 3, 4, 3, 4. நான்காவது இடம் ஒரு கோப்பை மாதிரி என்று வெங்கர் சொன்னதற்காக அவரைக் கேலி செய்யாதவர் கிடையாது. அந்தக் கேலியில் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. கடன் தவணை அந்த நான்காவது இடத்தில்தான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

எதோடு ஒப்பிட்டு ஒரு மேனேஜரை மதிப்பிடுவது? நான் முதலில் பார்ப்பது கிளப்பின் சம்பளப் பட்டியலை. ஒரு வீரரை வாங்கக் கொடுத்த தொகை தலைப்புச் செய்தியாக வரும். அவருக்கு வாரா வாரம் கொடுக்கும் சம்பளம் வருடக் கடைசியில் கணக்கறிக்கையில் ஒரு வரியாக வரும், யாரும் படிப்பதில்லை. ஆனால் நீண்ட காலத்தில் லீக் பட்டியலில் எந்த இடம் என்பதோடு நெருக்கமாக ஒட்டி வருவது சம்பளம்தான். பொருளாதார நிபுணர் ஸ்டீஃபன் சைமான்ஸ்கி பல வருட இங்கிலாந்துக் கணக்குகளை வைத்துக் காட்டியது இது. டிரான்ஸ்ஃபர் தொகைக்கு அந்த அளவு ஒட்டுதல் கிடையாது. காரணம் எளிது. கான்ட்ராக்ட் முடிந்து இலவசமாக வருபவர், அகாடமியில் வளர்ந்தவர், முன்பே வாங்கி இப்போது உச்சத்தில் இருப்பவர், யாருமே அந்த வருட டிரான்ஸ்ஃபர் கணக்கில் வரமாட்டார்கள். சம்பளக் கணக்கில் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

2011-12 சீசனை எடுத்துக்கொள்வோம். சிட்டியின் சம்பளச் செலவு 20 கோடி பவுண்டைத் தொட்டது. செல்சி 17 கோடிக்கு மேல், மான்செஸ்டர் யுனைடெட் 16 கோடிக்கு மேல். ஆர்சனல் 14 கோடிக்குச் சற்று மேல், நான்காவது. லீகில் முடித்தது மூன்றாவது. செல்சி ஆறாவது. அந்த சீசன் எப்படி ஆரம்பித்தது என்பது நினைவிருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது இடத்தின் அருமை தெரியும்.

அந்தக் கோடையில் செஸ்க் ஃபாப்ரெகாஸ் பார்சிலோனாவுக்குப் போனார். சமிர் நஸ்ரியும் கேல் கிளிஷியும் சிட்டிக்குப் போனார்கள். 2011 ஆகஸ்ட் 28 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 தோல்வி. மூன்றே நாளில் சந்தை மூடுகிறது. அந்தக் கடைசி நேரத்தில் பெர் மெர்ட்டசாக்கர், மிக்கெல் அர்டேட்டா, ஆந்த்ரே சான்டோஸ், பார்க் சூ-யங் வந்தார்கள். யோசி பெனாயூன் செல்சியிலிருந்து கடனாக வந்தார். பயந்துபோய் வாரிப்போட்டார்கள் என்று அன்றைக்குப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

இப்போது 2012 மே 13, சீசனின் கடைசி நாள். வெஸ்ட் பிராம் மைதானத்தில் ஆர்சனல் ஜெயித்தால் மூன்றாமிடம் உறுதி. நம் நேரப்படி ஞாயிறு மாலை ஏழரை மணி. டிவியில் சிட்டி - கியூபிஆர் ஆட்டம்தான், லீக் அங்கேதான் தீர்மானமாகப் போகிறது. நான் ஆர்சனல் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில், நிமிடத்துக்கு ஒரு தரம் நின்று நின்று ஓடும் ஒரு ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடத்தில் முதல் கோல், பெனாயூன். வெஸ்ட் பிராம் அடுத்தடுத்து இரண்டு போட்டு முந்துகிறது. அரைமணியில் சமன், சான்டோஸ். இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னர், வெஸ்ட் பிராம் கோல்கீப்பர் தடுமாற, லோரான் கோஷியல்னி உள்ளே தள்ளினார். 3-2. கோல் அடித்த மூவரில் இரண்டு பேர் ஆகஸ்ட் கடைசியில் அவசரத்தில் சேர்த்தவர்கள். மூன்றாவது ஆள், 2010ல் லோரியான் கிளப்பிலிருந்து சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு வந்தவர், அதற்கு ஒரு வருடம் முன்புவரை பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தவர். ஆர்சனல் 70 புள்ளி, டாட்டன்ஹாம் 69. அடுத்த வாரம் செல்சி சாம்பியன்ஸ் லீக்கை வென்றதால் நான்காவதாக வந்த டாட்டன்ஹாமுக்கு அடுத்த வருட சாம்பியன்ஸ் லீக் இடம் பறிபோனது. அந்த ஒரு புள்ளியின் விலை அவ்வளவு. அதே நாளில் சிட்டிக்கு லீகை வென்று கொடுத்த அகுவேராவின் கோலைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. என் நினைவில் நிற்பது கோஷியல்னியின் கோல்தான். அடுத்த வருடமும் கடைசி நாளில் நியூகாசிலில் 1-0, அடித்தது மறுபடி கோஷியல்னி, மறுபடி டாட்டன்ஹாமைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

இதில் நெட் ஸ்பெண்ட் என்ன சொல்லும்? அந்த வருடங்களில் ஆர்சனல் லாபத்தில் ஓடியது என்று சொல்லும். 2009ல் அடபயோர், கோலோ டூரே சிட்டிக்கு. 2011ல் மேலே சொன்னவர்கள். 2012ல் கேப்டன் ராபின் வான் பெர்சி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, அலெக்ஸ் சாங் பார்சிலோனாவுக்கு. வீட்டு நகையை விற்றுக் கடனைக் கட்டிவிட்டு வங்கியில் இருப்பு கூடியிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் இந்தக் கணக்கு. வான் பெர்சியின் கான்ட்ராக்டில் ஒரே வருடம் மிச்சம் இருந்தது. நீட்டிக்கமாட்டேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2.4 கோடி பவுண்ட் வந்தது. 29 வயது வீரருக்கு நல்ல விலை என்று கணக்குப் பார்ப்பவர் சொல்லலாம். அவர் 26 கோல் அடித்து யுனைடெட்டுக்கு லீக் வாங்கிக் கொடுத்தார். 2013 ஏப்ரல் 28 அன்று எமிரேட்ஸில், சாம்பியனுக்கு மரியாதையாக ஆர்சனல் வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, நடுவில் யுனைடெட் சட்டையில் அவர் நடந்துவந்தார். அன்றைக்குப் பெனால்டியில் கோலும் அடித்தார். அந்த 2.4 கோடியை 'வருமானம்' என்ற வரியில் எழுதுவதை இன்றும் என்னால் சகிக்க முடியவில்லை.

சரி, வெங்கர் பக்கம் தப்பே இல்லையா? இருக்கிறது, அதுவும் நெட் ஸ்பெண்டில் தெரியாத இடத்தில். நட்சத்திரத்துக்கு அள்ளிக் கொடுத்து மற்றவரை விட்டுவிடுவதில் அவருக்கு விருப்பமில்லை. இளம் வீரர்களுக்கு முன்கூட்டியே நல்ல சம்பளத்தில் நீண்ட கான்ட்ராக்ட் கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து வளர்வார்கள் என்ற நம்பிக்கை. வளர்ந்தவர்களைப் பெரிய கிளப்புகள் கொத்திக்கொண்டு போயின. வளராதவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். டெனில்சனை சாவோ பாவ்லோவுக்குக் கடனாக அனுப்பி, 2013ல் கான்ட்ராக்டையே ரத்து செய்தார்கள். நிக்லஸ் பென்ட்னர் சண்டர்லாண்ட், யுவென்டஸ் என்று சுற்றிவிட்டு 2014ல் இலவசமாகப் போனார். 2009ல் 1.5 கோடி பவுண்டுக்கு வந்த ஆந்த்ரே அர்ஷாவின் போகும்போது ஒரு காசு கிடைக்கவில்லை. வேறு கிளப் எதுவும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கத் தயாராக இல்லை, அதனால் விற்க முடியவில்லை. டிரான்ஸ்ஃபரில் மிச்சம் பிடித்தது சம்பளத்தில் ஒழுகிப்போனது. இதற்குக் கடனையோ மைதானத்தையோ காரணம் காட்ட முடியாது. இது வெங்கரின் சொந்த முடிவு.

ஒரு மேனேஜர் தலையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. வெங்கர் காலத்தில் அது எளிது. கிளப்பில் எல்லாமே அவர்தான். இன்றைக்கு விளையாட்டு இயக்குநர், ஆள் தேடும் பிரிவு, புள்ளிவிவரப் பிரிவு என்று பத்துப் பேர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். என் சித்தி பையன் யுனைடெட் ரசிகன். அங்கே மேனேஜராக இருந்த எரிக் டென் ஹாக் பெயர் வந்தால் அவனுக்கு முதலில் ஞாபகம் வருவது, அவர் தன் பழைய கிளப் அயாக்ஸிலிருந்து கொண்டுவந்த ஆண்டனிதான்.

"அண்ணா, கேட்டது அவர். அவருடைய அயாக்ஸ் ஆள். கொடுத்தார்கள். அப்புறம் வேறு யாரைச் சொல்வது?"

"ஆளைக் கேட்டது அவர், சரிடா. விலைக்கு ஒத்துக்கொண்டது யார்?"

2022 ஆகஸ்டில் யுனைடெட் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றது, இரண்டாவது பிரென்ட்ஃபோர்டிடம் 4-0. அதற்குப் பிறகுதான் பணம் கொட்டியது. 30 வயது காசெமிரோவுக்கு நான்கு வருட கான்ட்ராக்ட். சந்தை மூடும் நாளில் ஆண்டனி, 9.5 கோடி யூரோ. அந்த விலையை நிர்ணயித்தது பிரென்ட்ஃபோர்டில் வாங்கிய அடியும் காலண்டரும். அயாக்ஸுக்கு விற்க வேண்டிய அவசியம் இல்லை, யுனைடெட்டுக்கு வாங்கியே தீர வேண்டிய அவசியம். 96 ஆட்டத்தில் 12 கோல் என்பது டென் ஹாகின் கால்பந்துத் தீர்ப்பு தவறு என்று காட்டுகிறது, அதை அவர் சுமக்கத்தான் வேண்டும். விலையைச் சுமக்க வேண்டியது நிர்வாகம். 2024 ஜூலையில் அவர் கான்ட்ராக்டை நீட்டித்துவிட்டு அக்டோபரிலேயே அனுப்பினார்களே, அவருக்கும் உதவியாளர்களுக்குமாகக் கிளப் கணக்கில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு எழுதினார்களே, அதுவும் நிர்வாகத்தின் முடிவுதான்.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். லிவர்பூல் 2017ல் முகமது சலாவை வாங்கியதை அப்போதைய மேனேஜர் யுர்கன் கிளாப்பின் புத்திசாலித்தனம் என்று பாராட்டுபவர்கள் உண்டு. கிளாப் விரும்பியது ஜெர்மனியின் யூலியன் பிராண்ட்டை. கிளப்பின் விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸின் குழுதான் விடாமல் சலா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது, கிளாப் இதை மறைத்ததே இல்லை. கிளாப்பின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. தான் முதலில் கேட்காத ஆளை வாங்கிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல், அவரைச் சுற்றியே தாக்குதலைக் கட்டினார். எத்தனை மேனேஜர்கள் அதைச் செய்வார்கள்?

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரியாமல் இன்றைய சண்டைகள் எதுவும் புரியாது. கிளப் கணக்கில் வாங்கிய விலை ஒரே வருடத்தில் ஏறாது. ஐந்து வருட கான்ட்ராக்டில் 5 கோடி என்றால் வருடத்துக்கு ஒரு கோடியாக ஏறும். விற்றால் வரும் லாபம் மட்டும் உடனே முழுசாக ஏறும். அகாடமிப் பையனை விற்றால் கணக்கில் அவனுக்கு வாங்கிய விலையே இல்லை, வருவது முழுக்க லாபம். 2025-26 சீசன் வரை இருந்த லீகின் நிதி விதிப்படி மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது. 2023-24ல் எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் புள்ளியை இழந்தது இதனால்தான். சொந்த ஊர்ப் பையன்களைக் கிளப்புகள் விற்பதும் செல்சி எட்டு வருட கான்ட்ராக்ட் போட்டதும் இதனால்தான். இதில் மேனேஜர் கையில் இருப்பது ரொம்பக் கொஞ்சம்.

மறுபடி வெங்கரிடம் வருகிறேன். 2013 செப்டம்பரில் மெசுட் ஓசில் 4.25 கோடி பவுண்டுக்கு வந்தபோது ஒரு காலம் முடிந்தது. அடுத்த வருடம் அலெக்சிஸ் சான்செஸ். புது விளம்பர ஒப்பந்தங்களும் வந்தன. 2014லும் 2015லும் எஃப்ஏ கோப்பை. கையிருப்பு 20 கோடி பவுண்டைத் தாண்டியது. அதில் சீசன் டிக்கெட்டுக்கு முன்கூட்டியே வாங்கிய பணமும் கடனுக்காக ஒதுக்கியதும் உண்டு, முழுவதும் செலவழிக்கக்கூடியது இல்லை. ஆனாலும் பழைய நெருக்கடி போயிருந்தது. 2015 கோடையில் வெங்கர் வாங்கியது ஒரே ஒரு முக்கியமான ஆளை, கோல்கீப்பர் பீட்டர் செக்கை. மற்ற பத்து இடத்துக்கும் யாரையும் வாங்கவில்லை.

அந்த வருடம் செல்சி சரிந்தது. சிட்டியும் யுனைடெட்டும் தடுமாறின. லீகில் லெஸ்டர் தோற்றது மொத்தமே மூன்று ஆட்டம், அதில் இரண்டு ஆர்சனலிடம். 2016 பிப்ரவரி 14 அன்று கடைசி நொடியில் டேனி வெல்பெக் தலையால் முட்டிய கோலோடு இனி நம் லீக்தான் என்று நான் உட்பட எல்லோரும் நம்பினோம். ஆனால் நவம்பரிலேயே கோக்லானும் கசோர்லாவும் காயத்தில் போய்விட்டார்கள், நடுக்களம் காலி. ஒலிவியே ஜிரூ ஜனவரி நடுவிலிருந்து சீசனின் கடைசி நாள் வரை லீகில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோடையிலேயே ஒரு நடுக்கள ஆட்டக்காரரும் ஒரு ஸ்ட்ரைக்கரும் வந்திருந்தால் என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. லெஸ்டர் 81, ஆர்சனல் 71. சம்பளத்தில் லெஸ்டரைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய கிளப் பத்துப் புள்ளி பின்னால். செலவு செய்யாததும் ஒரு முடிவுதான், அதற்கும் மதிப்பெண் போட வேண்டும். ஏழு வருடம் இல்லாமையில் அற்புதமாகச் சமாளித்தவர், இருந்தபோதும் இல்லாதவர் மாதிரியே நடந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கான்ட்ராக்டுகள் கையை மீறிப் போயின. 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் அலெக்சிஸுக்குச் சிட்டி 6 கோடி பவுண்ட் கொடுக்கத் தயாராக இருந்தது. பதிலுக்கு வர வேண்டிய தொமா லெமார் வரவில்லை, அதனால் விற்பனை நின்றது. ஐந்து மாதம் கழித்து மிக்கிதார்யானுக்கு மாற்றாக அலெக்சிஸ் யுனைடெட்டுக்குப் போனார், பணமாக எதுவும் வரவில்லை. போய்விடுவாரோ என்ற பயத்தில் ஓசிலுக்கு வாரம் 3.5 லட்சம் பவுண்ட் என்று செய்தி வந்த கான்ட்ராக்ட். அந்த மே மாதம் வெங்கர் விடைபெற்றார்.

மிச்சத்தைக் கழுவித் துடைக்க வேண்டியிருந்தது, 8-2க்குப் பிறகு கடைசி நேரத்தில் எவர்ட்டனிலிருந்து வந்த அதே அர்டேட்டாதான். மேனேஜராக வந்து ஓசில், முஸ்தாஃபி, சோக்ராட்டிஸ், பிறகு ஔபமெயாங் என்று ஒவ்வொருவராகக் கான்ட்ராக்டை முடித்து அனுப்பினார். ஔபமெயாங்கோடு புது கான்ட்ராக்ட் போட்டு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. விற்ற வருமானம் பூஜ்யம், எனவே நெட் ஸ்பெண்டில் அர்டேட்டா படுமோசமாகத் தெரிந்தார். நான் அந்த முடிவுகளுக்குப் பெரிய மதிப்பெண் போடுவேன். அணியின் சம்பளப் பட்டியல் அதற்குப் பிறகுதான் ஆடுகிறவர்களின் பட்டியல் ஆனது.

ஆனால் அர்டேட்டாவுக்கு அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. 2023ல் டெக்லன் ரைஸ், 10 கோடி பவுண்டுக்கு மேல். 2025 கோடையில் சுபிமெண்டி, யோக்கரஸ், எஸே என்று பெரும்பணம். 2023, 2024, 2025 மூன்று சீசனிலும் இரண்டாமிடம். முதல் இரண்டை நான் மனதாரப் பாராட்டினேன், சிட்டியோடு கடைசி வரை முட்டிக்கொண்டு வந்த வருடங்கள் அவை. மூன்றாவதை அதே வரிசையில் வைக்க மாட்டேன். லிவர்பூலை விடப் பத்துப் புள்ளி குறைவு, ஜனவரியில் ஸ்ட்ரைக்கர் கேப்ரியல் ஜெசுஸ் காயத்தில் போனபோதும் யாரையும் வாங்கவில்லை. 2015-16ஐப் பார்த்தவர்களுக்கு அந்த ஜனவரி நன்றாகவே பழக்கம்.